கென்யாவா, தான்சானியாவா, உகாண்டாவா: குடும்பத்தோடு வண்டி ஓட்டிப் போகும் சஃபாரிக்கு எது கட்டுப்படியாகும்?

தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவுக்குள் சொந்தக் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க, நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 295 டாலர் ஆகிறது. அப்பா, அம்மா, 12 வயதில் ஒரு பிள்ளை, 7 வயதில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். வாசல் கட்டணம் பெரியவருக்கு 70, பிள்ளைக்கு 20. கூடாரம் போடப் பெரியவருக்கு 30, பிள்ளைக்கு 5. கூட்டினால் 250, அதன் தலையில் 18 சதவீதம் வாட். வண்டி வாடகை, டீசல், சாப்பாடு எதுவும் இதில் சேரவில்லை. இதே குடும்பம் உகாண்டாவின் குயீன் எலிசபெத் பூங்காவில் 24 மணி நேரம் சுற்ற 120 டாலர் போதும். கென்யாவின் மசாய் மாராவில் ஆகஸ்ட் மாதம் ஒரு பகலுக்குச் சுளையாக 450 எடுத்து வைக்க வேண்டும்; அதே மாரா பிப்ரவரியில் 250.

எரிபொருளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1,200 கிலோமீட்டர் சுற்றுக்கு, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் கனமான வண்டி என்றால்கூட 150 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்று கூட்டியே போட்டாலும் 225 டாலர். முழுப் பயணத்தின் டீசலும் மாராவின் ஒரு ஆகஸ்ட் பகலில் பாதி. அதனால் எந்த வண்டி மலிவு என்று தேடுவதற்கு முன்னால், எத்தனை நாள் பூங்கா வாசலுக்குள் இருக்கப்போகிறோம், அது எந்த நாட்டில், பிள்ளைகளின் வயது என்ன என்ற மூன்றையும் தாளில் எழுதிவிட வேண்டும். பயணச் செலவின் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடும்.

இங்கே சொல்லும் கட்டணங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பயணிக்கு உரியவை, அமெரிக்க டாலரில். மூன்று நாடுகளும் இரண்டொரு வருடத்துக்கு ஒருமுறை பட்டியலை மாற்றுகின்றன. பதிவு செய்யும் வாரத்தில் அரசு இணையதளத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

தான்சானியா: கையைக் கடிக்கும் வழி

அருஷாவில் வண்டி எடுத்து தரங்கிரே, கராட்டு, ந்கோரோங்கோரோ, செரெங்கெட்டி என்று போகும் வடக்குச் சுற்றுதான் எல்லோர் கனவிலும் வருவது. விலங்குக் கணக்கில் இதற்கு ஈடு இல்லை. பணக்கணக்கில் இப்படி: தரங்கிரே ஒரு நாள் 153, ந்கோரோங்கோரோ எரிமலைக் குழிக்குள் இறங்கும் நாள் 484, செரெங்கெட்டி இரண்டு இரவு 590, திரும்பி வரும்போது மறுபடி ந்கோரோங்கோரோ வழியாகக் கடக்க 189. நான்கைந்து நாளில் வாசலில் மட்டும் 1,400 டாலர் தாண்டுகிறது.

அந்த 484-இல் 295 டாலர் ஆட்களுக்கானதே இல்லை. வண்டி ஒன்று குழிக்குள் இறங்குவதற்கான சேவைக் கட்டணம் அது, வரியோடு. வண்டிக்குள் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் ஒரே தொகை. இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து, கராட்டுவில் ஏழு இருக்கை உள்ள உள்ளூர் வண்டியை ஓட்டுநரோடு ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டால் இந்தத் தொகை பாதியாகும். செங்குத்தான இறக்கத்தில் பழக்கமில்லாதவர் வண்டி ஓட்ட வேண்டிய அவசியமும் இருக்காது. சொந்தமாக ஓட்டுவதே நோக்கமானாலும், இந்த ஒரு நாளுக்கு ஓட்டுநர் வைப்பது நல்ல முடிவு.

திரும்பும் வழிக் கட்டணம் பலர் கணக்கில் விட்டுப்போவது. அருஷாவிலிருந்து செரெங்கெட்டி போகும் வழக்கமான பாதை ந்கோரோங்கோரோ எல்லைக்குள் புகுந்துதான் போகிறது. நிற்காமல் கடந்தாலும் கட்டணம் உண்டு. சீட்டு 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும். மேற்கே என்டபாகா வாசல் வழியாக வெளியேறி விக்டோரியா ஏரிப் பக்கம் போவதென்றால் இரண்டாவது முறை கட்ட வேண்டாம். ஆனால் அப்படிப் போனால் வண்டியை முவான்சாவில் விட அனுமதி வேண்டும், அதற்கு வாடகை நிறுவனம் தனியாகக் கேட்கும்.

கென்யாவில் எடுத்த வண்டியோடு தான்சானியா போகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. சாலையில் தடை இல்லை. பூங்கா வாசலில்தான் இடி. வெளிநாட்டுப் பதிவெண் உள்ள வண்டி 2,000 கிலோவுக்குள் என்றால் ஒரு நாளைக்கு 40 டாலர், அதைத் தாண்டினால் 150. லேண்ட் குரூசர் எல்லாம் 2,000 கிலோவைத் தாண்டிய வண்டிகள். தான்சானியப் பதிவெண் என்றால் சில்லறையாக ஷில்லிங்கில் முடிந்துவிடும். மாராவையும் செரெங்கெட்டியையும் வரைபடத்தில் பார்த்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் பொலொகொஞ்சா எல்லை பயணிகளுக்குத் திறப்பதில்லை. மேற்கே இசெபானியா போய்ச் சுற்ற வேண்டும். விலங்கு நேராகக் கடக்கும் தூரத்துக்கு வண்டிக்கு ஒரு பகல் போய்விடும். எந்த நாட்டுக் காட்டில் ஓட்டுகிறோமோ அந்த நாட்டிலேயே வண்டி எடுப்பது மலிவு. மூன்று நாடுகளுக்கும் பொருந்தும் கணக்கு இது.

தான்சானியாவுக்குச் சாதகமாக இரண்டைச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குள் இலவசம், 15 வயது வரை பிள்ளைக் கட்டணம் மிகக் குறைவு. பிள்ளைகள் மூன்று நான்கு என்றால் கென்யாவோடு உள்ள இடைவெளி சுருங்குகிறது. அடுத்தது, சீட்டு 24 மணி நேரத்துக்கு என்பதால் மதியம் 12 மணிக்கு உள்ளே நுழைந்தால் மாலைச் சுற்று, மறுநாள் விடியற்காலைச் சுற்று இரண்டும் ஒரே சீட்டில் கிடைக்கும். காலை 7 மணிக்கு ஆவலாக நுழைகிறவர்கள் நடுப்பகல் வெயிலில் சிங்கம் மரநிழலில் தூங்கும் நேரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

கென்யா: மாராவை விட்டால் கைக்கெட்டும்

கென்யா என்றதும் மாரா. குறைந்த செலவுக் குடும்பத்துக்கு அது இரண்டாம் இடத்தில் இருக்கட்டும். ஜூலை முதல் டிசம்பர் வரை பெரியவருக்கு 200, மற்ற மாதங்களில் 100. 9 முதல் 17 வயதுக்கு 50. எட்டு வயது வரை இலவசம். 2024 முதல் சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும், அதனால் தான்சானியாவில் செய்கிற 'மதியம் முதல் மதியம்' கணக்கு இங்கே பலிக்காது. உள்ளே தங்கியவர்களும் கிளம்பும் நாளில் 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். பிள்ளைகள் இரண்டும் எட்டு வயதுக்குள் என்றால் மட்டும், ஜனவரி, பிப்ரவரி மாரா நல்ல பேரம்: நான்கு பேருக்கு 200 டாலர்.

குடும்பத்துக்கு ஏற்ற கென்யச் சுற்று நைரோபி, அம்போசெலி, சாவோ மேற்கு, சாவோ கிழக்கு, நைரோபி. ஏழெட்டு நாள், 1,200 கிலோமீட்டர். 2025-இல் அறிவித்த பட்டியல்படி அம்போசெலி 90, பிள்ளைக்கு 45. சாவோ 80, பிள்ளைக்கு 40. அம்போசெலி ஒரு நாள், சாவோ இரண்டும் சேர்த்து மூன்று நாள் என்றால் 990 டாலர். பழைய பட்டியலில் இதுவே 712 ஆக இருந்தது. சாவோ மேற்குக்கும் கிழக்குக்கும் தனித்தனிச் சீட்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்று போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

கட்டணம் கூடினாலும் சாவோ மேற்கைச் சிபாரிசு செய்யக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை சிங்கமும் இல்லை, வெயிலும் இல்லை. எட்டு மணி நேரம் வண்டியை விட்டு இறங்க முடியாததுதான். சாவோ மேற்கில் ம்ஸிமா ஊற்றில் இறங்கி ரேஞ்சரோடு நடக்கலாம். எரிமலைப் பாறைக்கு அடியிலிருந்து கண்ணாடி போல் தண்ணீர் பொங்கி வரும். மொம்பாசாவுக்குக் குழாயில் போவது இந்தத் தண்ணீர்தான். கரையோரம் நீருக்குள் இறக்கிக் கட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மீன்கூட்டம் கண்ணுக்கு நேரே, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்யானை தரையில் கால் ஊன்றி நடப்பதும் தெரியும். ஷெட்டானி எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையில் ஏறி விளையாடலாம். ஒரு நாள் முழுக்க 'உட்கார், கையை வெளியே நீட்டாதே' என்று கேட்ட பிள்ளைக்கு இந்த இரண்டு இடமும் பெரிய விடுதலை.

சாவோவில் வழி தவறுவது கடினம்: சந்திப்புகளில் கல் அடுக்கிய தூண்களில் எண் எழுதியிருக்கும், வரைபடத்தில் அதே எண் இருக்கும். ஆனால் கூகுள் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். பூங்கா மண்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். 80 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல், யானை வழியில் நின்றால் இன்னும் அரை மணி. மாலை 6 மணிக்கு வாசல் மூடும்.

கென்யாவின் இன்னொரு அனுகூலம் பண்டா. வனத்துறை நடத்தும் சமையலறையோடு கூடிய சின்ன வீடு. தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதால், நான்கு பேர் தங்கினால் கூடாரச் செலவுக்கு அருகில் வந்துவிடும். பண்டாவில் தங்குவது என்று முடிவெடுத்தால் கூரைமேல் விரிக்கும் கூடாரம் வைத்த விலையுயர்ந்த வண்டியும் தேவையில்லை.

பணத்தை வாசலில் நோட்டாக வாங்க மாட்டார்கள். அரசின் இ-சிட்டிசன் தளத்தில் கணக்குத் தொடங்கி அட்டையிலோ எம்-பெசா என்னும் கைபேசிப் பணத்திலோ கட்ட வேண்டும். வாசலில் சிக்னல் இல்லாமல் அரை மணி நேரம் நிற்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கலாம். முதல் நாள் இரவே ஊரில் கட்டி ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு நாடு முழுவதும் 2017 முதல் தடை. 2020 ஜூன் முதல் தண்ணீர் பாட்டில் போன்ற ஒருமுறைப் பிளாஸ்டிக்கும் பூங்காக்களுக்குள் ஆகாது. ஊரிலிருந்து அரிசி, பருப்பைக் கேரி பேக்கில் கட்டிக்கொண்டு போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். 20 லிட்டர் கேன் ஒன்றும், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும் போதும்.

உகாண்டா: குறைந்த பணத்தில் நிறைய நாள்

எண்டெப்பேயில் இறங்கி, சிவா காண்டாமிருகச் சரணாலயம், முர்ச்சிசன் அருவி, ஃபோர்ட் போர்ட்டல், குயீன் எலிசபெத், எம்பூரோ ஏரி, திரும்ப எண்டெப்பே. 12 நாள், 1,500 கிலோமீட்டர் அளவில். பூங்காக்கள் பெரியவருக்கு 40, பிள்ளைக்கு 20. முர்ச்சிசன் மட்டும் 45. முர்ச்சிசனில் இரண்டு சீட்டு, குயீன் எலிசபெத்தில் இரண்டு, எம்பூரோவில் ஒன்று என்று ஐந்து 24 மணி நேரச் சீட்டுக்கும் 620 டாலர்தான். வண்டி வாடகையும் மூன்று நாடுகளில் இங்கேதான் குறைவு: பழைய ரேவ் 4 (டொயோட்டாவின் சின்ன எஸ்யூவி) ஒன்று நாளைக்குச் சுமார் 50 டாலர், கூரைக் கூடாரம் வைத்த லேண்ட் குரூசர் அதற்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட்) கடக்கும் காட்சி இங்கே இல்லை. சிவிங்கிப்புலிக்காக (சீட்டா) காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒட்டகச்சிவிங்கிக்கு முர்ச்சிசன் வடகரை, வரிக்குதிரைக்கு எம்பூரோ, காண்டாமிருகத்துக்கு சிவா என்று விலங்குகள் பிரிந்து கிடக்கின்றன. மலைக் கொரில்லாவுக்கு அனுமதிச் சீட்டு ஆளுக்கு 800 டாலர், 15 வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்; மேற்கு மலைச்சாலைகளும் இரண்டு நாளும் மிச்சம்.

ஆனால் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால்? கசிங்கா கால்வாயில் இரண்டு மணி நேரப் படகில் நீர்யானை, எருமை, யானை, முதலை எல்லாம் பத்து இருபது மீட்டரில். நைல் நதி முழுவதும் ஏழு மீட்டர் அகலப் பாறை இடுக்கில் புகுந்து விழும் முர்ச்சிசன் அருவியின் உச்சியில் நின்றால் காலடியில் தரை அதிரும். எம்பூரோவில் யானை இல்லை என்பதால் ரேஞ்சரோடு நடந்தே வரிக்குதிரைக் கூட்டத்தை நெருங்கலாம். கசெசேயிலிருந்து தெற்கே போகும் பொதுச்சாலை குயீன் எலிசபெத் பூங்காவை ஊடறுத்துப் போகிறது. அதில் போவதற்குக் கட்டணம் இல்லை, யானையும் கோப் மானும் சாலையோரத்திலேயே நிற்கும். சீட்டு வாங்கும் நாளுக்கு முந்தைய மாலையில் அந்தச் சாலையில் மெதுவாக ஒருமுறை போய் வாருங்கள்.

இப்படிப் பூங்காவுக்குள் போகும் பொதுச்சாலை மற்ற நாடுகளிலும் உண்டு. தான்சானியாவில் மொரொகொரோவிலிருந்து இரிங்கா போகும் நெடுஞ்சாலை மிக்குமி பூங்காவுக்குள் 50 கிலோமீட்டர் ஓடுகிறது. எந்த விலங்கை இடித்தால் எவ்வளவு அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நைரோபி–மொம்பாசா சாலை இரண்டு சாவோக்களுக்கும் நடுவே போகிறது. செம்மண் பூசிய சாவோ யானைகளை அங்கே பகலிலேயே பார்க்கலாம். அந்தச் சாலையில் ஆபத்து லாரிகள்தான். எதிரே வரும் லாரிக்கு முன்னால் பேருந்து முந்தும். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போகவே கூடாது.

வண்டியும் படுக்கையும்

மழையில்லாத மாதங்களின் காய்ந்த தரையில் பூங்காவின் முக்கியப் பாதைகளுக்கு ரேவ் 4 போதும். அதற்குத் தாழ்கியர் கிடையாது, தரை இடைவெளி 20 சென்டிமீட்டர் அளவு. நான்கு பேரும் கூடாரமும் அடுப்பும் ஏற்றினால் பின்சக்கர ஸ்பிரிங் அமுங்கி அது இன்னும் குறையும். பண்டாவிலும் விடுதியிலும் தங்குகிறவர்களுக்கு இது சரி. கூடாரச் சாமான் எல்லாம் ஏற்றுகிறவர்கள் பிராடோவுக்குப் போவது நல்லது. லேண்ட் குரூசர் 70 வரிசை எதையும் தாங்கும். 78 மாடலில் இரண்டு டாங்கும் சேர்த்து 180 லிட்டர் பிடிக்கும். ஆனால் பல வண்டிகளில் பின்பக்கம் பக்கவாட்டு பெஞ்சு இருக்கும், பெல்ட் இருக்காது. முன்னோக்கிய இருக்கை, தோளில் வரும் பெல்ட் இரண்டும் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேட்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பழைய லேண்ட் குரூசர்களில் உள்ளே இருக்கும் கியர் கம்பை மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றினால் முன்சக்கரம் சுற்றாது. முன்சக்கர நடுவில் இருக்கும் வட்டத் திருகை இறங்கிப் போய்க் கையால் பூட்டு நிலைக்குத் திருப்ப வேண்டும், இரு பக்கமும். சேற்றில் இறங்கிய பிறகு திருப்ப முயன்றால் திருகே சேற்றுக்குள் புதைந்திருக்கும். மண்சாலை தொடங்கும் இடத்திலேயே பூட்டிவிடுங்கள். பூட்டிய பிறகு பின்சக்கர ஓட்டத்திலேயே போனாலும் ஒன்றும் ஆகாது.

கூரைக் கூடாரத்துக்கு மவுசு அதிகம். வழக்கமான 1.4 மீட்டர் அகலத்தில் இரண்டு பேர் படுக்கலாம், ஆக நான்கு பேருக்கு இரண்டு கூடாரம், ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும். தினமும் ஊர் மாறும் பயணத்துக்கு அது வசதி. ஒரே முகாமில் இரண்டு மூன்று இரவு என்றால் அதுவே தொல்லை: காலை ஆறு மணிச் சுற்றுக்கு முன்னால் 20 நிமிடம் மடிக்க வேண்டும், தூங்கும் பிள்ளையையும் இறக்க வேண்டும். சிங்கம் வேட்டை முடித்து நடமாடும் நேரம் அந்த இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். தரைக்கூடாரம் அப்படியே நிற்கும். வேலியில்லாத முகாமில் அது ஆபத்து இல்லையா என்றால், ஜிப்பை முழுக்க மூடிய கூடாரத்தை விலங்குகள் ஒரு பாறையைப் போலத்தான் பார்க்கும், உள்ளே சாப்பாடு இல்லாதவரை. ஆரஞ்சு, வாழைப்பழ வாசனை யானையை இழுக்கும். பகலில் பபூன் குரங்குதான் எதிரி. ஜிப்பைத் திறக்கத் தெரியும், திறக்காவிட்டால் கிழிக்கும். சுற்றுக்குக் கிளம்பும்போது கம்பிகளை உருவித் துணியைத் தரையில் படிய விட்டுவிட்டால் பெரும்பாலும் தொடாது. செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போகும். இரவில் பிள்ளைக்குக் கழிப்பறை என்றால் மூடியுள்ள வாளி ஒன்று கூடாரத்துக்குள்ளேயே இருக்கட்டும். குயீன் எலிசபெத்தில் ம்வேயா முகாமில் நீர்யானை புல் மேய வருவது அந்த நேரத்தில்தான்.

வண்டியைக் கையில் வாங்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்டெப்னி இரண்டு வேண்டும். டயர் ஓரத்தில் கடைசி நான்கு இலக்கம் வாரத்தையும் வருடத்தையும் காட்டும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயர் வேண்டாம். வெயிலில் பக்கச்சுவர் காய்ந்து கூர்கல்லில் கிழியும், பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. ஜாக்கியை வைத்து ஒரு சக்கரத்தை அங்கேயே தூக்கிப் பாருங்கள், ஸ்பேனர் நட்டில் உட்காருகிறதா என்றும் பாருங்கள். ஒப்பந்தத்தில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் காப்பீட்டில் வராது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சேதமானால் உங்கள் பங்கு எவ்வளவு என்ற தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தகரக்கூரை போல வரிவரியாக இருக்கும் சாலைதான் வண்டியைப் பிரித்துப் போடும். ந்கோரோங்கோரோவிலிருந்து நாபி குன்று வரை உள்ள பகுதி இதற்குப் பேர் போனது. டயர் காற்றை 36-லிருந்து 27 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, மணிக்கு 50-க்குள் ஓட்டுங்கள். 70, 80-இல் போனால் குலுக்கல் குறைவதாகத் தோன்றும். டயர் அப்போது மேட்டுக்கு மேடு தாவுகிறது, வளைவில் பிடி இருக்காது. மாலையில் முகாமில் பேட்டரி முனை, கூரைக் கம்பி போல்ட், ஷாக் அப்சார்பர் நட்டு மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் அவசியம்.

பூங்காவுக்குள் டயர் மாற்ற நேர்ந்தால் முதலில் வண்டியோடு ஒரு வட்டம் அடித்துப் புதர்களைப் பார்த்து, வெட்டவெளியான இடத்தில் நிறுத்துங்கள். ஒருவர் வேலை செய்ய, ஒருவர் கூரையில் நின்று பார்க்க வேண்டும், பிள்ளைகள் உள்ளே.

எந்த மாதம்

இதில்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குச் சிக்கல். ஏப்ரல், மே கோடை விடுமுறை அங்கே 'மசிகா' என்னும் பெருமழைக் காலம். மாராவிலும் செரெங்கெட்டியின் மேற்கிலும் தரை நம்ம கரிசல் போன்ற மண். அரை மணி மழையில் டயரின் பள்ளம் எல்லாம் அடைபட்டு வழுவழுப்பாகிவிடும். அதில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டி அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிடும். உடனே நிறுத்தி, காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றை வழித்து, தரைவிரிப்பைச் சக்கரத்தடியில் செருகி, ரிவர்ஸ் கியரில் மெதுவாக வந்த வழியே பின்வாங்குவதுதான் வழி. பூங்காவுக்குள் கிளை ஒடிப்பது குற்றம்.

ஏப்ரல், மே தவிர வேறு விடுமுறை கிடைக்காது என்றால் மாராவையும் செரெங்கெட்டியையும் மறந்துவிட்டு, மே கடைசி வாரத்தில் சாவோ, பண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். புல் உயர்ந்து விலங்கு மறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் முக்கியப் பாதைகள் தாங்கும். செப்டம்பர் கடைசியின் காலாண்டு விடுமுறைதான் நம்மவர்களுக்குப் பொன்னான பத்து நாள்: கென்யா, தான்சானியா காய்ந்திருக்கும், நீர்நிலைகளில் கூட்டம் சேர்ந்திருக்கும். உகாண்டாவில் அப்போது மழை தொடங்கியிருக்கும். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையும் நல்லது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வசிக்கும் நம்மவர்களின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு உகாண்டா கச்சிதமாகப் பொருந்துகிறது, அதே மாதங்களில் மாரா இரட்டைக் கட்டணம் என்பதால் இன்னும்.

தாள்கள், மருந்து, சாப்பாடு

மூன்று நாடுகளிலும் இடதுபுறம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலதுபுறம். நமக்குப் பழக்கம் மாற்ற வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி, சுமார் 30 டாலர். உகாண்டாவும் தான்சானியாவும் இந்தியருக்கு 50. கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு ஒரே விசா 100 டாலருக்குக் கிடைக்கிறது என்பார்கள். கென்யாவும் உகாண்டாவும் மட்டும் என்றால் தனித்தனியாக எடுப்பது ஆளுக்கு இருபது டாலர் மிச்சம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னாவது போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் அதற்குப் பிறகுதான் செல்லும், ஆனால் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அது இல்லாமல் கென்யா, உகாண்டாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையைப் பிள்ளையின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் டாக்ஸிசைக்ளின் ஆகாது. செட்சி ஈ நீலத்துக்கும் கறுப்புக்கும் வரும், முர்ச்சிசன் தென்கரையில் அதிகம். பிள்ளைகளின் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுக் காக்கி, சாம்பல் நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். அடர்பச்சைச் சீருடை மாதிரி உடையும் வேண்டாம், படைவீரர் உடை என்று பிரச்சினை வரும்.

சாப்பாட்டில் தமிழ்க் குடும்பம் கவலைப்பட ஒன்றுமில்லை. கென்யாவில் சப்பாத்தியும் பாசிப்பயறுக் குழம்பும் தெருவோரச் சாப்பாடு. 'சபாத்தி, ந்டெங்கு' என்று கேட்டால் போதும். உகாண்டாவில் முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டி 'ரோலெக்ஸ்' என்று சுடச்சுடத் தருவார்கள். பருப்பு, மஞ்சள், சீரகம் பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கும். நைரோபியில் 6 கிலோ சிலிண்டரின் தலையிலேயே பர்னர் பொருத்திய 'மேக்கோ' அடுப்பை வண்டியோடு வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள். பத்து நாளைக்குத் தாராளம்.

முதல்முறை போகிறவர்களுக்கு, நாள் 10-க்கு மேல் இருந்தால் உகாண்டா. எட்டு நாளுக்குள் என்றால் கென்யாவில் சாவோ. செரெங்கெட்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் நாளைக் குறையுங்கள், நாட்டை மாற்றாதீர்கள்: அருஷாப் பதிவெண் வண்டி, தரங்கிரேயை விட்டுவிட்டு செரெங்கெட்டிக்கு இரண்டு முழு 24 மணி நேரம், குழிக்குப் பங்கு போட ஒரு குடும்பம். பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். பண்டாவும் முகாம் இடமும் முதலில், ஏனென்றால் அவைதான் நிரம்புகின்றன. பிறகு வண்டி, அதன் பிறகு விமானம். எண்டெப்பேயில் இரவு பதினொன்றுக்கு இறங்கும் விமானம் மலிவாகக் கிடைத்தாலும், அன்றிரவே வண்டி வாங்கி ஓட்டத் தொடங்க வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கி, காலை வெளிச்சத்தில் ஸ்டெப்னியைப் பார்த்து வாங்குங்கள்.